செஃபாகோர் என் வீட்டுக்கு வருகிறாள்

ஹோ நகரம்,
செப்டம்பர் 14

மரியாதைக்குரிய ஜிஃபா அக்காவுக்கு, தம்பி கோஜோ வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் உங்கள் கடற்காற்றும் சற்று அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

வழக்கில் ஜெயித்துவிட்டேன். பதினொரு வருஷம் முன்பு நானும் மான்சாவும் பிரிந்தபோது நாலு வயசு செஃபாகோரை அவளிடம் ஒப்படைத்த அதே குடும்ப நீதிமன்றம், இந்த வியாழக்கிழமை பெண்ணை என் பொறுப்புக்கு மாற்றிவிட்டது. நடந்த விதத்தைக் கேள். மனு போட்டால் சமூகநல அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வருவார் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். மூன்று வாரம் இரண்டு வேளையும் பெருக்கினேன், கதவுக்கு நீல வர்ணம் அடித்தேன், அவளுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டேன், யாரும் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவரின் இறுதிச் சடங்கு வந்தது. பந்தல் என் முற்றம்வரை நீண்டது, ஒலிபெருக்கி என் ஜன்னலில் ஏறியது, என் அடுப்படியில் பதினொரு பெண்கள், புதுக் கட்டில்மேல் பீர்ப் பெட்டிகள். கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள் வந்து, வலப்பக்கத்திலிருந்து வரிசையாக எல்லாருக்கும் கைகொடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவுச் சடங்கெல்லாம் நடக்கும் சனிக்கிழமையில் கறுப்பு உடுத்தாதவர் நம் நாட்டில் யார்? செத்தவரின் மருமகள் என்று நினைத்தேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரே பொண்ணு, அம்மாகிட்ட இருக்கா. என்கிட்ட அனுப்பச் சொல்லி கேஸ் போட்டிருக்கேன். ஜெயிச்சிடுவேனோன்னு பயமா இருக்கும்மா. அவகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியாது."

அவர் சோறு சாப்பிட்டார், இன்னொரு மீன் துண்டு கேட்டு வாங்கினார், ஒரு சுற்று ஆடினார், போய்விட்டார்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் சமூகநல அதிகாரி என்று கோப்போடு எழுந்தவர் அவரேதான். பீர்ப் பெட்டி, பதினொரு பெண்கள், என் பயம் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் படித்தார். "அப்படியே அவர்தாம்மா!" என்று பின்னாலிருந்து மான்சா சிரித்தாள். கடைசி வரியையும் அதே குரலில் படித்தார்: "இருபது வருஷத்தில் பயப்படுகிறேன் என்று சொன்ன முதல் தகப்பன் இவர். பரிந்துரைக்கிறேன்."

அதன்பிறகு நீதிபதியம்மா செஃபாகோரைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துப் போனார். நானும் மான்சாவும் வெளியே ஒரே பெஞ்சில், நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் விட்டு.

"அவளுக்கு முட்டை ஆகாது, ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள் மான்சா, சுவரைப் பார்த்தபடி.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. அக்கா, நீதிபதியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், செஃபாகோர் வெளியே வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். எங்களை யாரும் எழச் சொல்லவில்லை.

"உள்ளே என்னம்மா சொன்னே?"

"அதை நீங்க கேக்கக் கூடாதுப்பா. அது எனக்கும் அவங்களுக்கும்."

உடனே உத்தரவு வந்தது. ஆகவே, தினமும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணோடு காலையில் என்ன பேசுவது, மாலையில் என்ன பேசுவது என்று உடனே எழுது. அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வலை கனக்கவும் வீடு நிறையவும் நம் முன்னோர் துணை இருக்கட்டும்.

உன் தம்பி,
கோஜோ

பி.கு.: உத்தரவை இப்போதுதான் கடைசிவரை படித்தேன். பள்ளி நடக்கும் மாதங்கள் என்னோடு, விடுமுறைகள் அம்மாவோடு. இன்று காலை அவளுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் வந்திருக்கிறது, கேப் கோஸ்ட்டில். விடுதிப் பள்ளி. அதாவது பள்ளி மாதங்களில் விடுதியில், விடுமுறையில் மான்சா வீட்டில். போன் செய்து கேட்டேன்.

"தெரியும்ப்பா. விடுதிப் பள்ளிக்குத்தான் எழுதிப் போட்டிருந்தேன், நீதிபதியம்மாகிட்ட நான்தான் அப்படிக் கேட்டேன். பெத்தவங்க பாக்க வர்ற ஞாயிறு மாசத்துக்கு ஒண்ணு. இனிமே நீங்கதான் வரணும், அம்மா இல்ல. நாள் முழுக்க மரத்தடியில உக்காந்திருப்போம். மொதல்ல மாசத்துக்கு ஒரு நாள் பேசிப் பழகுங்க. அடுத்த வருஷம் விடுமுறையையும் மாத்திக் கேக்கலாம்."

அக்கா, இவளுக்கு வயது பதினைந்து.