எடைக்கல்லாக ஏறியவர்கள்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம், கோர்ட் லிஃப்ட் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் இருமலும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்தால் "ஒத்துக்கிட்டியா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உங்களுக்கு மனம் வராது என்பதால் எழுதுகிறேன்.

லிஃப்ட் நின்றது என் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் சின்ன அபராதமும் ஆறு மாதம் உரிமம் நிறுத்தலும், வழக்காடித் தோற்றால் மெக்கானிக் உரிமமே நிரந்தரமாகப் போய்விடும் என்று நீங்கள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர் நீங்கள். "கோர்ட்டுல வாயைத் தொறந்தவனுக்கு வாய்தா, மூடினவனுக்கு விடுதலை" என்று நீங்கள் சொன்னதை அம்மா காலையும் மாலையும் என் காதில் ஓதுகிறார். இருந்தாலும் மாமா, நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் சிநேகிதரான அந்த வக்கீலும் வேண்டாம், நீங்களும் அலைய வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை நானே வாதாடி நானே ஜெயிக்கிறேன். ஏன் இவ்வளவு தைரியம் என்றால், நடந்தது என்ன என்று இதுவரை யாரும் என்னை முழுதாகச் சொல்லவிட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

அன்று காலை லிஃப்டுக்குப் புதுக் கம்பி மாட்டி முடித்தேன். மாட்டினால் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. அதற்கென்று இரும்பு எடைக்கற்கள் உண்டு. எங்கள் கம்பெனியில் அவை படத்தில் மட்டும் உண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டால், "ஏன்டா, உலகத்துல ஆளுங்களுக்கா பஞ்சம்?" என்பார். ஆகவே நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான், பக்கத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வது. மருத்துவமனையில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள், அலுவலகங்களில் மனு கொடுக்க வந்தவர்கள், கோர்ட்டில் வழக்குக்காரர்கள். எங்கே போனாலும் காத்திருக்கிற ஜனங்களுக்குக் குறைவில்லை. அந்த லிஃப்டின் கதவில் "நீதிபதிகள், வழக்கறிஞர்களுக்கு மட்டும்" என்று பலகை தொங்குகிறது. வழக்குக்காரர்கள் மூன்றாவது மாடிக்கு எழுபத்தெட்டுப் படி ஏறித்தான் நியாயம் கேட்க வேண்டும். அன்று முதல் படியிலேயே ஓர் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவியவர், காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு நாலு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். பக்கத்தில் விவாகரத்துக்கு வந்த ஒரு கணவன் மனைவி. மூவரையும் கூப்பிட்டேன். "பலகை போட்டிருக்கே தம்பி" என்று அந்த அம்மா தயங்கினார். "அது ஏறுற ஆளுங்களுக்கும்மா. நீங்க எடைக்கல்லு" என்றேன். மாமா, இதுதான் என் முதல் வாதம். ஆளாக ஏற்றியிருந்தால் குற்றம், கல்லாக ஏற்றினால் எந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது? நீங்களே புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கதவை மூடப் போகிற நேரத்தில் மூன்றாவது மாடி நீதிபதி வந்துவிட்டார். கூடவே அவருடைய டவாலி, இரண்டு கைகளிலும் கழுத்து உயரத்துக்குக் கோப்புகள். "ஐயா வர்றாங்க, எல்லாரும் எறங்குங்க" என்றார் டவாலி. "நான் எறங்கக் கூடாதுப்பா, நான் எடைக்கல்லு" என்றார் அந்த அம்மா, மிகுந்த பொறுப்போடு. லிஃப்ட் சோதனையில் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவரும் ஏறிவிட்டார்கள், டவாலி முதலில், நீதிபதி கடைசியில். உடனே பார மணி அடிக்க ஆரம்பித்தது. உலகத்தில் எந்த லிஃப்டாக இருந்தாலும் ஒரே வழக்கம்தான், மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். லிஃப்டுக்குப் பதவி தெரியாது, எடைதான் தெரியும். எல்லாரும் நீதிபதியைப் பார்த்தோம். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அந்தச் சத்தத்தை நிறுத்துப்பா, எனக்கு நேரமாச்சு" என்றார். "நிறுத்தக் கூடாதுங்கய்யா" என்றேன். "நிறுத்துன்னு சொல்றேன்ல?" என்றார். சாவி போட்டு நிறுத்தினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டும் நின்றது.

நாற்பது நிமிஷம், மாமா. அந்தக் கணவன் மனைவி பரஸ்பரச் சம்மதத்தோடு பிரிய வந்தவர்கள். நாற்பது நிமிஷம் நெருக்கி நின்றதில் மனுவில் எழுதாமல் விட்ட இன்னும் இரண்டு காரணங்கள் கிடைத்ததாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். டவாலி கோப்புகளைக் கீழே வைக்கவும் இடமில்லாமல் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூரைத் திறப்பு வழியாக மேலே ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நகர்த்தலாம் என்றால், "என் தலைக்கு மேல யாரும் ஏறக் கூடாது" என்றார் நீதிபதி. அப்போதுதான் பக்கத்து அறைக் கோர்ட்டில் அந்த அம்மாவின் வழக்கைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான், தெளிவாகக் கேட்டது. ஒருதரம். "இருக்கேன்யா!" என்று கத்தினார். இரண்டாந்தரம். "இங்கதான்யா இருக்கேன், பெட்டிக்குள்ள!" என்று கதவைத் தட்டினார். "சத்தம் வருதுங்கய்யா, ஆளைக் காணோம்" என்று யாரோ உள்ளே சொல்வதுகூடக் கேட்டது. மூன்றாந்தரம். அவ்வளவுதான், மனுதாரர் வரவில்லை, வழக்குத் தள்ளுபடி. அந்த அம்மா நீதிபதியின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களே பாத்தீங்கல்ல? நான் வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." நீதிபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அது வேற கோர்ட்டும்மா" என்றார்.

மறுநாளே என்மேல் நீதிபதியின் புகார். வேண்டுமென்றே பார மணியை நிறுத்தி நீதிபதியின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினேனாம். அவர் நிறுத்தச் சொன்னது புகாரில் இல்லை. அந்த அம்மா லிஃப்டில் இருந்ததும் அதில் இல்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள் மாமா. நான் கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டால் கோப்பை மூடிவிடுவார்கள். லிஃப்டுக்குள் நடந்த எதுவும் எந்தப் பதிவிலும் வராது. நாலு வருஷம் படி ஏறிய ஒரு மனுஷி, கூப்பிட்டபோது வரவில்லை என்றே காகிதத்தில் நிற்பார். நான் வழக்காடினால் அந்த நீதிபதி கூண்டில் ஏற வேண்டும். "அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்றது யார்?" என்று நான் கேட்பேன். அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் ஒரே கேள்வியில் இரண்டு வழக்கு ஜெயிக்கும். அந்த அம்மாவே எனக்குச் சாட்சி சொல்ல வருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். கணவன் மனைவியும் வருவார்கள், தனித்தனியாக. டவாலிக்கு மனசாட்சி உண்டு, கழுத்துதான் இன்னும் சரியாகவில்லை. இத்தனை பேர் கண்ணெதிரே நடந்த ஒன்றை எவனால் இல்லையென்று சொல்ல முடியும்? எனக்குத் துளி பயம் இல்லை. வெள்ளைச் சட்டைகூடத் தேய்த்து வைத்துவிட்டேன்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடவும். உங்கள் ஆசி இருந்தால் போதும், ஆலோசனை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத,
ஆனால் மரியாதை குறையாத மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எதிர்த்தரப்பின் சாட்சிப் பட்டியல் வந்து சேர்ந்தது. முதல் சாட்சி அந்த அம்மா. 'மெக்கானிக் தானாகவே மணியை நிறுத்தினார், நீதிபதி எதுவும் சொல்லவில்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் அவரே வந்து வாசலில் நின்றார். "தள்ளுபடியான என் கேஸைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க தம்பி. மனுகூடக் கேக்கல. இந்தக் கையெழுத்து ஒண்ணுதான் கேட்டாங்க. தெரிஞ்சேதான் போட்டேன். நாலு வருஷம்டா." என் அம்மா அவரை உள்ளே வரச் சொன்னார், வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கெட்ட வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனியில் நின்றன. அவற்றில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை. அவருக்குச் சேர வேண்டியதையே எடுத்து அவரிடம் லஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள். "முழங்காலைப் பாத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே மாமா, மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் சிநேகிதர் வக்கீலைப் புதன்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். நீங்களும் கூட வாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. வக்கீலிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள், அந்த அம்மா கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை வேண்டாம், ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. கேள்விகள் மொத்தத்தையும் நீதிபதிக்கு வைத்துக்கொள்ளட்டும்.