எனக்கு நானே வைத்த கண்ணீர் அஞ்சலி

கோபத்தில் இருக்கிறவர்களிடம் பிளெக்ஸ் கடை நம்பர் இருக்கக் கூடாது. என்னிடம் இருந்தது. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே எனக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்துக்கொண்டேன். எதிரிகள் யாரும் வைக்கவில்லை. நானேதான்.

அப்போது கட்டுமாவடியில் என் முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பேய்ப்படம். ஆனால் பேய் வராது. (சிரிக்காதீர்கள். அன்றைக்குச் சிரித்தவர்களோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.) ஒரு மீனவர். மனைவி செத்துப்போகிறாள். அவர் தினமும் அவளுக்கும் சேர்த்து இலை போடுகிறார், குழம்பில் உப்பு சரியா என்று கேட்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். கதை அவ்வளவுதான். போட்டோவில் மட்டுமே வரும் அந்த மனைவிக்கு வளர்மதி என்று என் பெயரையே வைத்திருந்தேன். என் மனசிலிருந்து வந்த படமாம். அவ்வளவு கர்வம்.

சென்னைத் தயாரிப்பாளர் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்வார்.

"மேடம், பேய் எப்ப வரும்?"

"வராதுங்க."

"கதவுக்குப் பின்னாடியாச்சும் நிக்கட்டுமே. ஆடியன்ஸ் சீட்டைவிட்டு எந்திரிக்கணும்."

"எந்திரிச்சா அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை நேரில் வருவேன், பயமுறுத்துகிற காட்சி ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் படத்தை நிறுத்திவிடுவேன் என்று முடித்துவிட்டார்.

அதே வாரம்தான் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்க வேண்டிய காட்சி. போட்டோ தர ஒப்புக்கொண்ட நடிகை கடைசி நேரத்தில் பின்வாங்கினார். "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணங்க. அபசகுனம்."

எனக்கு வந்ததே கோபம். "போட்டோவுல என்னம்மா இருக்கு? என் படத்தைப் போடுறேன், பாரு!"

போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலமே பிளெக்ஸ் ஏறிவிட்டது. என் முகம், என் பெயர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பஸ்ஸில் போன சொந்தக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

என் படப்பிடிப்பில் ஒரு சட்டம் உண்டு. எல்லார் போனையும் வாங்கிச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுவேன். என் போனும், சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர் போனும் அதில்தான். புதுக்கோட்டையிலிருந்து என் தாய்மாமா எங்கள் இருவருக்கும் மாறி மாறி அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. தயாரிப்பாளர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பேயைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே கேமரா ஓடுகிறது. வெளியே பறைச் சத்தம். கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

"டேக் போய்க்கிட்டு இருக்கு! எவன்டா அது கொட்டு அடிக்கிறது?"

வாசலில் ஒரு லோடு ஆட்டோ. மாரில் அடித்துக்கொண்டு அத்தைமார்கள். முன்னால் மாமா, கையில் மாலையும் ஒரு பச்சைச் சேலையும். கல்யாணமானவள் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அம்மா அப்பா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் மாமாதான்.

என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே அலறல். பெரியத்தை தயாரிப்பாளரின் கார் பானெட்டில் மயங்கி விழுந்தார். பறை அடித்தவர் படகுகளைப் பார்த்து ஓடினார். என்ன ஏதென்று தெரியாமல் தயாரிப்பாளரும் அவர் பின்னாலேயே ஓடினார்.

மாமா மட்டும் ஓடவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார், தரையில் படுகிறதா என்று. அப்புறம் கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"ஆத்தா, நீயா?"

"நான்தான் மாமா."

"அப்ப முக்குல இருக்குற படம்?"

"அதுவும் நான்தான்."

"எந்த நாசமாப்போறவன்டி வச்சான்?"

"அதுவும்... நான்தான் மாமா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஊரையே வாயால் விரட்டும் நான் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

திறந்த கதவு வழியே கேமரா அத்தனையையும் எடுத்திருந்தது. திரும்பி வந்த தயாரிப்பாளர் மானிட்டரைப் பார்த்துத் துள்ளினார். "இதான் மேடம் நான் கேட்டது! அலறி ஓடுறதை மட்டும் வைங்க, அழுறதை வெட்டுங்க. படம் பிழைச்சுச்சு!"

எனக்கு வேண்டியிருந்தது அந்த அழுகைதான். ஆறு மாதமாக நடிகரிடம் கேட்டுக் கிடைக்காதது அது. மாமாவிடம் அனுமதி கேட்டேன்.

"நான் அழுகுறதைக் கொட்டகையில காட்டுன, ஒனக்கு நானே நெசமா பிளெக்ஸ் வச்சுருவேன்."

அழுகை இல்லாமல் ஓட்டம் மட்டும் எதற்கு? என் அத்தைகள் மயங்கி விழுவதைக் காட்டிக் கைதட்டு வாங்க மாட்டேன் என்றேன். தயாரிப்பாளர் காரில் ஏறினார். படம் அன்றோடு நின்றது. இன்னும் பாதியாக என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா, வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் சேலை எடுத்து வருவார். என் கையில் மிக்சர் பொட்டலம் மட்டும் கொடுப்பார்.

"எனக்கு எங்க மாமா?"

"ஒனக்குக் கோடியே எடுத்தாச்சே ஆத்தா. அதுக்கு மேல எடுக்க மாமனுக்கு முறை இல்ல."

வீடே சிரிக்கும். பானெட்டில் விழுந்த பெரியத்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. மிக்சரைத் தின்றுகொண்டே முறைப்பேன்.