இரண்டாவது சமையல் சேவைக்கு நன்றி

அன்புள்ள மருமகன், என் அக்கா மகன் டேரிலுக்கு, பீடோங்கிலிருந்து மோரிஸ் மாமா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், உன் அத்தை அகத்தாவின் முழங்கால் நீங்கலாக. வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

என் கேட்டரிங் தொழிலுக்கு நீ முதலில் எழுதிக் கொடுத்த மென்பொருளில் பிரியாணிச் சட்டி ஒரு பொருள், பந்தல் ஒரு பொருள். ஒவ்வொன்றும் தன் விவரத்தையும் வேலையையும் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே புரோகிராமுக்குள் கூட்டுக்குடித்தனம். பந்தலின் அளவை மாற்றினால் சட்டி கோபித்துக்கொண்டு நின்றுவிடும். பிறகு நீ அவற்றைத் தனிக்குடித்தனம் வைத்தாய். அழைப்பு ஒரு சேவை, பந்தல் ஒரு சேவை, சமையல் ஒரு சேவை. ஒன்றின் வீட்டுக்குள் மற்றது எட்டிப் பார்க்காது, வேண்டியதைச் செய்தி அனுப்பிக் கேட்கும். சமையல் சேவைக்கு வரும் ஆர்டர், சமையலுக்கென்று வைத்த தனி போனில் மணியடிக்கும். "பொருளையெல்லாம் தூக்கிப் போடல மாமா, ஒவ்வொரு சேவைக்குள்ளயும் அதுங்க இருக்கு லா" என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது.

நம் அலிசியாவின் கல்யாணத்தன்றுதான் மீதி புரிந்தது. அழைப்புச் சேவைக்கு நான் முந்நூறு என்று கொடுத்திருந்தேன், அது சமையல் சேவையிடம் முந்நூறு என்றே சொல்லியிருக்கிறது. மாதா கோயில் மண்டபத்திலோ எண்ணூறு பேர்! கோத்தா கோலா மூடாவிலிருந்து சம்பந்தி வீட்டார் மட்டும் மூன்று பஸ். அப்போதுதான் உறைத்தது, நான் கொடுத்தது கார்டுகளின் எண்ணிக்கை. ஒரு கார்டுக்கு ஒரு குடும்பமே வரும் என்பது, முப்பது வருடம் ஊருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட எனக்கு, சொந்த மகள் கல்யாணத்தில் மறந்துபோனது. லீவு கிடைக்காமல் கூலிமில் ஷிஃப்டில் இருந்த உன்னைக் கூப்பிட்டேன்.

"மானம் போகுதுடா டேரில்!"

"பயப்படாதீங்க மாமா. பந்தலைத் தொட வேணாம், சமையல் சேவைய மட்டும் இன்னொண்ணு ஓட்டி, மிச்ச ஐநூறு பேருக்கு ஆர்டர் அனுப்பிடுறேன்."

அரை மணியில் பின்வாசலில், நமக்குக் கூடுதல் சமையல் செய்து தரும் பிரேமாவதி அக்காவின் வேன் வந்து, ஐந்து சட்டி பிரியாணி இறங்கியது. அதற்குள் எப்படி வெந்தது என்று நான் கேட்கவில்லை. கணினி வேகம் என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்று நான் அழுதது புகையினால் அல்ல, மருமகனே. நீ நன்றாயிரு. கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக.

உன் மாமா,
மோரிஸ்

பி.கு.: கடிதத்தை உன் அத்தை படித்துவிட்டாள். "கார்டைத்தான் எண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு முன்னயே பிரேமாவதிகிட்ட கூட அஞ்சு சட்டி போடச் சொல்லி வச்சிட்டேன். டேரில் அனுப்பின ஆர்டர் யாருக்கும் போகல, சமையல் போன் அன்னிக்கு என் பையில ஆஃப் ஆகிக் கிடந்துச்சு" என்கிறாள். ஆகவே மேலே உள்ள நன்றி முழுவதும் அவளுக்கே. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் ஒரு முறைகூட அவளிடம் அதைச் சொன்னதில்லை, எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. அதற்கு ஏதாவது சேவை இருந்தால் உடனே அனுப்பு.