கல்வி அதிகாரிக்கு நான் போட்ட மாலை

நான் கூச்சக்காரன். யாராவது நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டால், அது என்ன கேள்வி என்று புரிவதற்கு முன்பே வாயிலிருந்து "ம்" என்று வந்துவிடும். இந்த "ம்"மினால் எனக்குப் பிடிக்காத சட்டைகளை வாங்கியிருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு கட்சிகளில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். ஒரு முறை பல் டாக்டரிடம் நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு வலிக்கிற பல்லோடு வீடு திரும்பியிருக்கிறேன். (எங்கள் கல்யாணமும் அப்படித்தான் நிச்சயமானது என்று என் மனைவி செல்வி சொல்வாள். அதற்கும் நான் "ம்" என்றுதான் சொல்வேன்.) ஆனால் நல்ல உடம்போடு இருந்த ஒரு கல்வி அதிகாரியை அந்த ஓர் எழுத்தால் சாகடித்தது ஒரே ஒரு தடவைதான்.

என் தொழில் பேனர் கட்டுவது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சவுக்குக் கட்டை நட்டு, சட்டம் அடித்து, பேனரை இழுத்துக் கட்டிவிட்டு வருவேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் நான் போட்ட முடிச்சு எதுவும் காற்றில் அவிழ்ந்ததில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் நான் படித்ததெல்லாம் பேனர்தான்.

எங்கள் ஊர் நெம்மேலிக்குக் கொஞ்சம் தெற்கே, ஈசிஆர் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி. அந்த வருடம் அதில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் கயல், நான்காம் வகுப்பு. பத்தொன்பது பேருக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். இதை மூடிவிட்டு, சாலைக்கு மேற்கே இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கலாமா என்று நேரில் பார்த்து எழுத ஒரு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது.

சேர்ப்பது அவர்களுக்கு ஒரு கையெழுத்து. எங்களுக்கு ஈசிஆர். சென்னையில் விமானத்தைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் அதே வேகத்தில் புதுச்சேரிக்குக் காரில் போகிற சாலை அது. எங்களுக்குப் பால் ஊற்றும் சேகர் தன் ஒரு காலை அந்தச் சாலையில்தான் விட்டுவிட்டு வந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் அந்தக் கார்களின் ஹெட்லைட் வரைக்கும்தான் இருக்கும். செல்வி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியை மெஹருன்னிசா டீச்சர். இன்னொரு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரேதான். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, வர்றவரு பசங்களைக் கேள்வி கேப்பாராம். நாட்டுத் தலைவருங்க யாரு, அரசாங்கத்துல எத்தினி அடுக்கு, எது மேல எது கீழ, இதெல்லாம். புஸ்தகத்தைப் பாத்தா பசங்க தூங்கிடுதுங்க. பெருசா ஒரு பேனர் அடிச்சிக் குடுங்கண்ணே, பாத்துக்கினே இருந்தா மனசுல நிக்கும்."

"ம்."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேலே ஏழு தலைவர்களின் படம். அதன் கீழே படிக்கட்டு மாதிரி ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம், நாடு. அவ்வளவுதான். அதை அப்படியே அச்சடித்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் வருகிறவர் முகம் இல்லாத பேனரை நான் கட்டியதே இல்லை. எந்தப் பெரிய மனிதரும் மேடைக்கு வந்ததும் பேனரில் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். இல்லையென்றால் அவர் முகம் சுண்டிவிடும், மைக் பிடிக்கும்போது தெரியும். பள்ளிக்கூடத்தின் உயிரே ஊசலாடுகிற நேரத்தில் இந்தப் பேஜார் எதற்கு? பள்ளிச் சுவரில் முந்தின வருட விளையாட்டு விழாப் படம் மாட்டியிருந்தது. அதில் அந்த அதிகாரி கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை மட்டும் செல்போனில் படம் பிடித்து, திருப்போரூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தினேஷுக்கு அனுப்பினேன். டீச்சரிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். (இருந்தது.)

சாயந்திரம் தினேஷ் போன் செய்தான்.

"அண்ணாத்த, இன்னா இது, புச்சா ஒரு மூஞ்சி அனுப்பிக்கீற? கீய படிக்கட்டு ஃபுல்லா கீது. மேல வட்டத்துலதான் ஒண்ணு காலி. ஏழு பேரு, எட்டு வட்டம். அதுலயே சொருவிடவா?"

அப்போது நான் மாமல்லபுரத்தில் ஒரு சாரத்தின் உச்சியில், வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன். "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

அதிகாரி வருகிற நாள் காலையில் சுருட்டிய பேனரை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நான் உள்ளே நுழையவும் டீச்சர் பதற்றமாக வெளியே வரவும் சரியாக இருந்தது.

"அண்ணே, அவரு ஜீப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குதாம். திரும்பி வரணும்னா ரொம்ப தூரம் போவணும், நடந்தே வந்துட்றேன்னு சொல்றாரு. நான் போய்க் கூட்டிக்கினு வந்துட்றேன். நீங்க பேனரைக் கட்டிட்டு பசங்களுக்குக் காட்டி எதனா சொல்லிக்கினு இருங்க."

எதனா சொல்வதா? நானா? டீச்சர் போய்விட்டார். பத்தொன்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேனரின் நான்கு மூலையையும் சன்னல் கம்பியில் கட்டினேன். வழக்கம்போல முடிச்சைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் படம் பார்ப்பது ரோட்டில் போகிறவர் வேலை.

"அப்பா, எதனா சொல்லுப்பா" என்றாள் கயல். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அப்பாவைப் பற்றி வகுப்பில் என்னவோ பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள் போல.

நான் கீழ் மூலை முடிச்சை இறுக்குகிற மாதிரி குனிந்தபடியே ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் பேனர்.

"எந்த பேனரா இருந்தாலும் மூஞ்சி சைஸைப் பாத்தா யாரு பெரியவருன்னு தெரிஞ்சிடும். வார்டு மெம்பரு மூஞ்சி எலுமிச்சம்பழம். ஊராட்சித் தலைவரு சாத்துக்குடி. ஒன்றியத் தலைவரு மாதுளம்பழம். மாவட்டத்துக்கு ஒரு தலைவரு, அவரு தேங்கா. முதலமைச்சரு பூசணிக்கா. பிரதமரு பலாப்பழம்."

பின்னால் சிரிப்பு கேட்டது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"கலெக்டரு இன்னா பழம்?" என்றாள் கயல்.

"அவரு மூஞ்சி பேனர்ல வராது. அவரு ஓட்டு கேட்டு வந்தவரு இல்ல, பரிச்ச எழுதி வந்தவரு. ஆபீசருங்களுக்கு பேனர் கெடையாது."

"மேல வட்டமா கீறவங்க?"

"மேல மாலையோட கீறவங்க எல்லாம் செத்துப் பூட்டவங்க. நாட்டுக்காக ஒழைச்சிட்டு பூட்டவங்க. அவங்களுக்கு இனிமே ஓட்டும் வாணாம், பதவியும் வாணாம். அதான் எல்லாருக்கும் மேல வெச்சிக்கீறோம்."

எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. ஐந்தாவதோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் வாத்தியாராக ஆகியிருப்பேன் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அந்த மயக்கத்தில் இருக்கும்போதுதான் ஒன்றாம் வகுப்பு அஞ்சு கேட்டாள்.

"எட்டாவதா கீற மீசைத் தாத்தாவும் பூட்டாரா?"

"ம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். மேலே எட்டு வட்டம். பொக்கை வாய்த் தாத்தாவுக்கும் கோட்டுப் போட்டவருக்கும் அடுத்து, கடைசி வட்டத்தில், கழுத்தில் மல்லிகை மாலையோடு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிய, கல்வி அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். தினேஷின் கம்ப்யூட்டரில் மேல் வட்டம் என்றால் மாலையும் விளக்கும் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். அடியில் ஒரு வரியும் வந்து உட்கார்ந்திருந்தது: "என்றும் எங்கள் நினைவில்."

வாசலில் டீச்சரின் குரல், "இப்டி வாங்க சார்" என்றது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என் முடிச்சாயிற்றே, அவிழவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எட்டாவது வட்டத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி உள்ளே வந்தார். அதே மீசை. பத்தொன்பது பிள்ளைகளும் எழுந்தார்கள், ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் வணக்கம் வரவில்லை. அஞ்சு அவரை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், வீறிட்டு அழுதபடி கயலின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏன் பாப்பா அழுவுது?"

"புது ஆளுங்கன்னா பயம் சார்" என்றார் டீச்சர்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். ஊராட்சிக்கு மேலே என்ன என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில், சாத்துக்குடி, மாதுளை, தேங்காய் என்று பிரதமர் வரைக்கும் ஏறினார்கள். டீச்சருக்கு முகம் வெளுத்தது. ஆனால் வரிசை சரியாக இருந்தது. அதிகாரி பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்.

"மாவட்ட ஆட்சியர்?"

"அவரு பேனர்ல வரமாட்டாரு சார்" என்றாள் கயல். "ஓட்டு கேட்டு வர்ல, பரிச்ச எழுதி வந்தாரு."

"அட" என்றார் அதிகாரி. முதல் முறையாக அவர் முகம் இளகியது. இப்படியே எழுந்து போய்விட்டால் பள்ளி பிழைத்தது என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார்.

"மேலே இருக்கிறவங்க யார் யாரு? மொத்தம் எட்டு வட்டம் மாதிரி தெரியுது. அண்ணே, கொஞ்சம் கீழே இறங்குங்க."

"ம்" என்றேன். இறங்கவில்லை.

"இறங்குங்கண்ணே."

"ம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். இறங்கினேன்.

அதிகாரி தன் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அடியில் இருந்த வரியை வாய்க்குள் படித்தார்.

"இது யாரு?"

என் மகளுக்குப் பொய் சொல்ல வராது. "நீங்கதான் சார். நீங்களும் நாட்டுக்காக ஒழைச்சிட்டு பூட்டீங்க."

"எப்போ?"

"தெரில சார். அப்பாதான் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சை அன்றுதான் பேசினேன்.

"சார், வர்றவங்க மூஞ்சி இல்லாம நான் பேனரே கட்டினது இல்ல சார். மாலை நான் போடல, அதுவா வந்துட்ச்சி. டீச்சருக்கு எதுவும் தெரியாது. தப்பு என்னுது. என்ன இன்னா வேணா பண்ணுங்க. பசங்கள ரோட்டுக்கு அந்தாண்ட அனுப்பிடாதீங்க சார்."

"பரீட்சை எழுதி வந்தவன் மூஞ்சி பேனர்ல வராதுன்னு இந்தப் பொண்ணு இப்பத்தானே சொல்லிச்சு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். டீ வேண்டாம் என்றார். வழியனுப்பக் கிளம்பிய டீச்சரிடம், "யாரும் வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

நாங்கள் எல்லோரும் பள்ளி வாசலில் வந்து நின்றோம். அவருடைய ஜீப் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. வரும்போது டீச்சர் குறுக்கே கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி அவரைக் கூட்டி வந்திருந்தார். இப்போது அவர் தனியாக நின்றார். ஒரு காலை முன்னால் வைப்பார், ஒரு கார் சீறிக்கொண்டு போகும், காலைப் பின்னால் எடுப்பார். இப்படி ஐந்தாறு முறை. கடைசியில் வேட்டி தடுக்கியவர் மாதிரி ஓடி (அவர் போட்டிருந்தது பேன்ட்) நடுத்தடுப்பு வரைக்கும் போய்விட்டார். அங்கே மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு சுற்றுலா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவர் சட்டையை உரசுகிற மாதிரி போயிற்று. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றார்.

அப்போதுதான் அழுகையை நிறுத்தியிருந்த அஞ்சு, தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தினாள்.

"சார்! பாத்துப் போங்க சார்! மறுபடியும் செத்துடாதீங்க!"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கடலுக்குள் நடந்து போய்விடலாம் போலிருந்தது. அதிகாரி மெதுவாகத் திரும்பினார். அவ்வளவு தூரத்திலிருந்து அஞ்சுவைப் பார்த்தார். பிறகு தன் முன்னால் போகிற கார்களைப் பார்த்தார். மறுபடி அஞ்சுவைப் பார்த்தார். ரொம்ப நேரம் அந்தத் தடுப்பிலேயே நின்றார். வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி கிடைத்தபோதுகூட அவர் உடனே போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எந்தச் செய்தியும் இல்லை. நான் பள்ளி இருக்கும் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். செல்வி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். "ஒரு மனுசனை சாவடிச்சதும் இல்லாம ஸ்கூலையும் சாவடிச்சிட்டியே" என்று சொல்வதற்காக மட்டும் அவ்வப்போது வாயைத் திறப்பாள்.

ஒரு மத்தியானம் டீச்சரே வீட்டுக்கு வந்தார். பள்ளி இருக்கும், சேர்க்கவில்லை என்றார். அதிகாரி என்ன எழுதினார் என்று செல்வி கேட்டாள். நாலு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் அவர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறாராம் என்றார் டீச்சர்: 'அந்தச் சாலையை நானே கடந்து பார்த்தேன்.' சொல்லிவிட்டு டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். செல்வியும் சிரித்தாள். நிறுத்த அவர்களால் முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் செருப்பு மாட்டினாலும் "போய்ட்டு வா" என்று சொல்கிற வழக்கம் ஒழிந்தது. "மறுபடியும் செத்துடாத" என்றுதான் சொல்வோம். விருந்தாளிகள் முதலில் பயந்துபோவார்கள்.

கயல் இப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தோடு முடிகிறது, அதனால் அவள் தினமும் காலையில் அந்தச் சாலையைக் கடந்துதான் மேற்கே போகிறாள். நான் இந்தப் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நிற்பதைப் பற்றிக் கவலையே படாமல், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்துவாள்:

"அப்பா! உயிரோடதான் கீறேன்! வட்டத்துல போட்டுடாத!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறும். ஆனாலும் அவள் அப்படிக் கத்துகிற வரைக்கும் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.