தாலிக்கொடியைத் தூக்கிய காந்தம் மாமா

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இருவரும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கழற்றி, கரண்டி, சட்டி, சாவி, கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை வரைக்கும் ஒட்டிப் பார்த்தீர்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இரும்புக்கே தான் இரும்பு என்று தெரியாது, காந்தம் மாமா வந்து சொன்னால்தான் தெரியும்! தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பதும் சந்தேகம். "பரண யகட! பழைய இரும்பு!" என்று சிங்களம், தமிழ் இரண்டு பாஷையிலும் கூவிக்கொண்டு பழைய சாமான் வாங்கி விற்பவர். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அது ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், கையில் லேசாக இருந்தால் அலுமினியம். மஞ்சளாக, கனமாக, தட்டினால் மணி போலக் கேட்டால் பித்தளை. அதோடு நிறுத்தியிருந்தால் அது வியாபாரம். மாமா நிறுத்தவில்லை.

யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் டம்ளரைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். தலை வாரும் சீப்பைக் கண்டால், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அறிய வாளித் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். ஒரு தீபாவளிக்கு என் பெரியப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மிதப்பாக வந்தார். மாமா அதன் ஓரத்தில் ஒரு நூலை உருவி, நெருப்புக் குச்சியைக் காட்டினார். நூல் உருகி உருண்டையானது.

"பட்டுன்னா முடி கருகுன வாசம் வரணும் பெரியவரே. இது பிளாஸ்டிக்கு. அடுப்புப் பக்கம் போயிறாதீங்க!"

பெரியப்பா அன்றைக்கு அடுப்புப் பக்கமும் போகவில்லை, மாமா பக்கமும் போகவில்லை.

இன்னொரு நாள், அவிசாவளை பஸ். நெரிசலில் மாமா கம்பியில் சாய்ந்து நின்றார். இறங்கும் இடம் வந்தது, ஆள் நகரவில்லை. பையில் இருந்த காந்தம் கம்பியைக் கவ்விக்கொண்டது! "பஹின்ன மாமே, பஹின்ன!" என்று கண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்துகிறார். மாமாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "பெயிண்டுக்கு மேலயும் புடிக்குது பாருங்க மாத்தயா! அசல் இரும்பு!" பை கிழிந்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் கல்யாணத்துக்கு அழைத்தேன்.

உங்கள் அம்மா எஹலியகொடப் பக்கம். தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். தாலியைக் கொடியோடு தேங்காய் மேல் வைத்து, எல்லாரும் தொட்டு வாழ்த்துவதற்காகத் தட்டில் சுற்றி வந்தார்கள். தட்டு மாமாவிடம் வந்தது. அவரும் பயபக்தியாகக் கையை வைத்தார். கையை எடுத்தார். கையோடு தாலிக்கொடியும் மேலே போனது!

உள்ளங்கையில் காந்தம். மேளம் நின்றுவிட்டது.

"ஒட்டுது! தங்கத்துல ஒட்டாதே!" என்றார் மாமா, கண்கள் விரிய.

அம்மாவின் தாய்மாமன் எழுந்தார். "என்னாங்க இது? எங்க புள்ளைக்கு இரும்பையா கட்டப் போறீங்க?"

"வாய அடக்கிப் பேசுங்க! கடையில பாத்து வாங்குனது!" என் சித்தப்பா சட்டைக் கையை மடித்தார்.

"கடைக்காரன விடுங்க, உங்க ஆளுதானே சொல்றாரு!"

அதுதான் வினை. எங்கள் ஆளே சொல்கிறார்! "நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் ஐயர். "புள்ளைய எழுப்பு, போவோம்" என்றார் தாய்மாமன். மாலையோடு உட்கார்ந்திருந்த நான் உங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இவள் எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை, நேரே மாமாவிடம் போனாள்.

"குடுங்க மாமா அத."

கொடியைக் காந்தத்தில் இருந்து பிரித்துத் தட்டில் நீட்டி வைத்து, தாலியில் இருந்து காந்தத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். தாலி அசையவில்லை. கொடியும் அசையவில்லை. கொடியின் நுனிக்குப் போனதும், டக்!

"பாத்தீங்களா? பூட்டு மட்டுந்தான் ஒட்டுது. உள்ளுக்க குட்டி ஸ்பிரிங்கு இருக்கு. தங்கத்துல ஸ்பிரிங்கு செஞ்சா வளைஞ்சிதான் கெடக்கும், அதான் இரும்புல வைக்கிறாங்க. கார்மெண்ட்ல என் தையல் மெஷினுக்குள்ள நெதம் பாக்குறேன். காந்தம் சரியாத்தான் சொல்லிச்சி மாமா, நீங்கதான் பாதியில கேட்டுட்டு கத்திட்டீங்க!"

எல்லாரையும் விடச் சந்தோஷப்பட்டவர் மாமாதான். "ஐயோ, தங்கத்துக்குள்ள இரும்பு! எனக்குத் தோணலையே! அம்மா, இன்னொரு தடவ காட்டு!"

"மொதல்ல தாலிய கட்ட விடுய்யா!" என்று தாய்மாமனே சிரித்துவிட்டார். மேளம் முழங்கியது. நானும் கட்டினேன்.

பந்தியில் மாமாவைக் காணவில்லை. விசாரித்தேன். சித்தப்பா அவரை வாசலுக்குக் கூட்டிப் போய், "இனி எங்க விசேஷத்துல உங்கள காணக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரம், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சோறும் கறியும் வடையும் இலையில் கட்டினேன். பாயாசத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனியாக, மாமா குடியிருந்த கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கினேன். மாமாவின் கதவு சாத்தியிருந்தது.

கதவுக் கொண்டியில் மாட்டுவதற்கு முன், மாமா மாதிரியே, பாயாசப் பையைத் தலைகீழாகப் பிடித்துச் சோதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. மாட்டிவிட்டு வந்தேன்.