மூன்றும் நான்கும் மூலங்கள் அல்ல

பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிய அம்மாக்களை நம்பாதீர்கள். நானும் அப்படி ஒருத்திதான்.

என் மகள் சுபாவுக்குப் பதினொன்றில் கணிதப் பிரிவு எடுக்க ஆசை. அதை நினைத்துக் கவலைப்படுவது என் வேலை. திருப்புதல் தேர்வு அன்று காலை, தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன்.

"x² + 7x + 12 = 0. மூலங்களோட கூடுதல் என்னட்டி?"

"மைனஸ் ஏழும்மா."

"ஏழு."

"x-ஓட கெழுவுக்குக் குறி மாத்தணும்னு டீச்சர் சொன்னாவ."

காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய பெருக்கல் குறி போட்டேன். எங்கள் காலத்தில் எல்லாரும் போட்டதுதான். மேலே 12, கீழே 7. பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் எண்களை இரண்டு பக்கமும் எழுதினேன்: 3, 4. "இந்தா ரெண்டு மூலமும். கூட்டிப் பாரு." தோசை கருகியது. (அதையாவது சகுனமாக எடுத்திருக்கலாம்.) சுபா பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

விடைத்தாள் வந்தது. அதே கணக்கைத் தேர்விலும் கேட்டிருந்தார்கள். −7 என்று எழுதி, அடித்து, 7 ஆக்கியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். எனக்குக் கொதித்தது. பெற்றோர் கூட்டத்தன்று ஆபீசில் பெர்மிஷன் போட்டு, ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டிக்கு பஸ் பிடித்தேன். முந்தின நாள் மழை. பள்ளி மைதானத்துக் கரிசல் மண் செருப்பில் அப்பி, காலுக்கு ஒரு கிலோ கூடி, வகுப்பறைக்குள் யானை போல நுழைந்தேன்.

டீச்சர் சின்னப் பெண். "இதுக்கு ஏன் மார்க் போடல?" என்றேன், இருபது பெற்றோருக்கும் கேட்கும்படி. போர்டில் பெருக்கல் குறியும் போட்டுக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. "மூணு ஒரு மூலம்னா, x-க்கு மூணு போட்டா பூஜ்யம் வரணும். போட்டுப் பாருங்கம்மா."

போட்டேன். ஒன்பது, இருபத்தொன்று, பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு. பூஜ்யத்தின் பக்கத்தில்கூட இல்லை.

"நீங்க எடுத்தது காரணியில வார எண். (x + 3)(x + 4). இது பூஜ்யமாகணும்னா x மைனஸ் மூணு, இல்லன்னா மைனஸ் நாலு. கூட்டுனா மைனஸ் ஏழு."

பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணாச்சி, "நானும் மூணு, நாலுன்னுதான் நெனச்சேன்" என்று எனக்குத் துணை வந்தார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

டீச்சர் என் பக்கத்தில் நின்ற சுபாவிடம் திரும்பினார். "சரியா எழுதிட்டு ஏன் அடிச்ச? இதுலயே இவ்வளவு தடுமாறினா, கணிதப் பிரிவு வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

சுபா தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பத்து விநாடி இருக்கும். நாற்பத்தைந்து வயதில், பெற்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பத்து விநாடி ஒளிந்துகொண்டவள் நான்.

"நான்தான் டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன். அவ மைனஸ்னுதான் சொன்னா."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "அப்போ சுபாவுக்குப் பிரச்சினை இல்ல. நீங்க வேணும்னா சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்கு வாங்கம்மா." வகுப்பே சிரித்தது.

சுபா இப்போது கணிதப் பிரிவில் படிக்கிறாள். வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "போட்டுப் பாத்தியா?" என்கிறார். சுபா அந்தக் கேலியில் சேர்வதில்லை. இன்னும் என்னிடம் கணக்கு கேட்கிறாள். நானும் விடை சொல்கிறேன். பிறகு, என் மனசு நோகாதபடி நோட்டைக் கொஞ்சம் சாய்த்து மறைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கிறாள்.