ஈரத் துண்டின் விசுவாசம்

எங்கள் சலவை நிலையத்தில் சம்பள நாளில்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. தலையைப் படிய வாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, ஆளாளுக்கு முகத்தில் நல்ல பிள்ளைக் களையை வரவழைத்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. விசுவாசத்தை அளக்கும் நாற்காலி வந்திருந்தது.

ஆமாம், விசுவாசத்தைத்தான். சோப்புத் தூளை அளக்கிறோம், தண்ணீரை அளக்கிறோம், விசுவாசம் மட்டும் என்ன பாவம் செய்தது?

நாற்காலியோடு வந்தவர் கோட்டு போட்டிருந்தார். பேருக்கு முன்னால் டாக்டர். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லையாம். நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் பித்தளைத் தகடு. அதிலிருந்து கிளம்பும் ஒயர் ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டியின் முகத்தில் ஒரு முள், சுழியத்திலிருந்து நூறுவரை. நீங்கள் உட்கார்ந்து தகடுகளைப் பிடிக்க வேண்டும். அவர் காலால் ஒரு கட்டையை அழுத்துவார். பெட்டி முனகும். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். முதலாளி மீது உங்களுக்கு இருக்கும் விசுவாசம் அவ்வளவுதான், முடிந்தது கதை. எங்கள் ஆட்கள் அவருக்கு முள் டாக்டர் என்று பேர் வைத்து, நேரில் டாக்டர் ஐயா என்று கூப்பிட்டார்கள்.

நாற்காலியைப் போட்ட இடம் அழுக்கு மூட்டைகள் வந்திறங்கும் பெரிய கூடம். அங்கே ஒரு எடை மேடை உண்டு. மூட்டையை எடை போட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கூலி. மேடைக்கு மேலே சுவரில், கடை தொடங்கிய காலத்தில் முதலாளி தன் கையாலேயே எழுதிய வாசகம்: 'ஈரத்தோடு எடை போடாதே.' ஈரத்துணியை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி வாங்கியதாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை நனைந்த மூட்டையை ஏற்றிவிட்ட பையனை அவர் திட்டிய திட்டு இன்னும் கூடத்தில் எதிரொலிக்கிறது. நாற்காலி சரியாக அந்த எழுத்துக்குக் கீழேதான் நின்றது.

முதலாளி நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவே. கொஞ்ச காலமாக மருத்துவமனையிலிருந்து வரும் தலையணை உறைகள் திரும்பிப் போகும்போது குறைந்தன. மருத்துவமனைக்காரர்கள் முறைத்தார்கள். உறை எங்கே போகிறது என்று முதலாளி தேடியிருக்கலாம். தேடவில்லை. யார் எடுக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர், அதாவது அவருடைய மைத்துனர், இந்த டாக்டரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார்.

நாற்காலிக்கு முன்னால் கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. 'இந்த நிறுவனத்தை நான்' என்று முதல் வரி தொடங்கும். பக்கத்தில் மூன்று கட்டங்கள்: நேசிக்கிறேன், மிகவும் நேசிக்கிறேன், உயிரைவிட மேலாக நேசிக்கிறேன். பிடிக்காதவர்கள் எங்கே குறி போடுவது என்று கேட்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு நடுக் கட்டத்தில் போட்டேன்.

நான் துவைக்கும் பகுதி. போர்வைகளை அலசிக்கொண்டிருந்தவனை அப்படியே கூப்பிட்டார்கள். கையை உதறிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பெட்டி முனகியது. டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து முள்ளைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "முப்பத்தொன்று புள்ளி நான்கு" என்றார்.

அந்தப் புள்ளி நான்குதான் எல்லாரையும் கவிழ்த்தது. வெறும் முப்பது என்று சொல்லியிருந்தால் யாராவது ஒருவன் சந்தேகப்பட்டிருப்பான். புள்ளி வைத்துச் சொன்னால் பொய்யாக இருக்குமா? கூட்டம் என்னை விட்டு ஓரடி நகர்ந்து நின்றது.

என் மனைவி அதே இடத்தில் இஸ்திரிப் பகுதிக் கண்காணிப்பாளர். வணிகவியலில் முதுகலை, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள். அவளுக்கு எண்பத்தெட்டு. இஸ்திரிக்காரர்கள் யாருமே எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்குத் தொண்ணூற்று மூன்று. துவைக்கும் பகுதியில் ஒருவன்கூட நாற்பதைத் தொடவில்லை.

தண்ணீரோடு புழங்குகிறவன் மனசு தண்ணீர் மாதிரியே ஓடிவிடும் என்று டாக்டர் விளக்கம் கொடுத்தார். முதலாளி தலையை ஆட்டினார். முப்பது வருஷமாகத் தண்ணீரில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

தீர்ப்பும் வந்தது. ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் டாக்டரிடம் விசுவாசப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் சம்பளத்தில் பிடிக்கப்படும். மாட்டேன் என்பவர்கள் சனிக்கிழமையோடு வீட்டுக்குப் போகலாம்.

அதற்குள் ஊரே முள்ளைப் பிடித்துக்கொண்டது. டீக் கடையில் கடன் கேட்டால் "உன் முள்ளு எவ்வளவு?" என்கிறான். இஸ்திரிப் பையன் ஒருவன் தன் எண்ணைத் தலைக்கவசத்தில் எழுதிக்கொண்டு திரிந்தான். எங்கள் வீட்டிலும் விடவில்லை. எங்களோடு இருக்கும் என் மாமியார் தட்டை வைக்கும்போதே, "எண்பத்தெட்டு எடுத்த பொண்ண முப்பத்தொண்ணுக்கு இல்ல கட்டிக் கொடுத்திருக்கேன்" என்று பெருமூச்சு விட்டார்.

"புள்ளி நாலை விட்டுட்டீங்களே அத்தை" என்றேன்.

சிரிப்பு வாயில்தான். உள்ளே எனக்கு நிஜமாகவே வலித்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை செய்கிறேன். கொதிகலன் வெடித்த அன்று எல்லாரும் வெளியே ஓடியபோது உள்ளே போய்த் துணியை இழுத்துப் போட்டவன் நான். அந்தத் தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. முதலாளி அதைத் தடவிப் பார்த்து அழுதவர். அவரே இப்போது என்னைக் கண்டால் பக்கத்திலிருக்கும் தலையணை உறைகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார். போதாக்குறைக்கு, எனக்குத் தெரியாமலே நான் துரோகியாக இருப்பேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம். முள் அப்படித்தான் செய்யும். இந்த வயதில் திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் எவன் வேலை கொடுப்பான்? பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், கத்தாதீங்க. முள்ளு எனக்கு எண்பத்தெட்டு காட்டுச்சே, அன்னைக்குக் காலைலதான் எதிர்க் கடைக்குப் போன் போட்டு வேலை இருக்கான்னு கேட்டேன்."

"எதுக்கு?"

"லீவு கேட்டேன், தரல. கோவம் வந்துச்சு, கேட்டேன். அந்தக் கோவத்தோடதான் போய் நாற்காலில உக்காந்தேன். இவரு என்னடான்னா எண்பத்தெட்டுங்கறாரு."

அவளே தொடர்ந்தாள். கல்லூரியில் வணிக ஆராய்ச்சி என்று ஒரு பாடம் இருந்ததாம். அளவுகோலைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேள் என்று அந்த வாத்தியார் தொண்டை கட்டும்வரை கத்துவாராம். ஒரே ஆளைத் திரும்ப அளந்தால் அதே எண் வருகிறதா? அளப்பதாகச் சொல்வதைத்தான் அது அளக்கிறதா? பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, உக்கார்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அலசிட்டிருந்தேன். வேற என்ன?"

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்ந்து கோடு கோடாக வெடித்திருந்தது. எங்கள் இரண்டு பேர் விசுவாசமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பயிற்சி முடித்தவர்களின் சட்டைப்பையில் வெள்ளை வெள்ளையாக என்ன ஒட்டியிருக்கிறது என்று அவள் கேட்டாள். மன அமைதிப் பொடி என்று டாக்டர் உள்ளங்கையில் தேய்த்துவிடுவதாக எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். பொடி தேய்த்ததும் முள் எண்பதுக்கு ஏறுகிறதாம், அப்படியொரு மகிமையாம்.

உடனே போய் முதலாளியிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். வேண்டாம் என்றாள். முள்ளை நம்பியவருக்கு முள்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பயிற்சியில் தேறியவர்கள் ஒரு பக்கம் பளபளவென்று நின்றார்கள். பயிற்சிக்கு வராத நான் ஒருவன் மட்டும் எடை மேடைக்குப் பக்கத்தில், விலைக்கு வந்த மாடு மாதிரி நின்றேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உண்மையில் அவருக்கும் என்னை அனுப்ப மனசில்லை.

அந்த நேரத்தில் என் மனைவி இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாத துண்டோடு வந்தாள். எல்லார் முன்னாலும் என் கையை விரல் விரலாகத் துடைத்தாள். உட்கார்ந்தேன். முள் எழுந்து போய்த் தொண்ணூறில் நின்றது.

கூட்டம் கைதட்டியது. என் மாமியார் பார்த்திருக்க வேண்டும்.

"மனைவியின் அன்பு மனசை மாற்றிவிட்டது" என்றார் டாக்டர். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர்.

"அப்படியே இருங்க" என்று அவள் வாளித் தண்ணீரில் என் கையை முக்கி எடுத்தாள். மறுபடி பிடித்தேன். முள் சரிந்து இருபதில் விழுந்தது.

"இப்ப என்ன டாக்டர், அன்பு போயிருச்சா?"

மனித மனம் நொடிக்கு நொடி மாறக்கூடியது என்று அவர் ஆரம்பித்தார். அவள் என்னை எழுப்பிவிட்டாள். மனசே இல்லாத ஒன்றை உட்கார வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, காய்ந்த துண்டை ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்கு இழுத்துப் போட்டாள். டாக்டர் பாய்ந்து வருவதற்குள் கட்டையை அவளே மிதித்தாள்.

முள் நூறில் போய் முட்டியது.

அவள் அதே துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். முள் பத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"நம்ம கம்பெனியிலேயே ரொம்ப விசுவாசமான ஆளு இந்தத் துண்டுதான் ஐயா. நனைஞ்சா மட்டும் துரோகி ஆயிடுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எண்பத்தெட்டு வாங்கினவ நான். அன்னைக்குக் காலைலதான் எதிர்க் கடையில வேலை கேட்டேன். தொண்ணூறு வாங்கி, இருபது வாங்கின இந்த மனுஷன் உங்களுக்காக நெருப்புக்குள்ள போனவரு. இதுல யாரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

முதலாளி மெதுவாக எழுந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தகடுகளைப் பிடித்தார். பதற்றத்தில் அவர் உள்ளங்கை வேர்த்து வழிந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. கட்டையை மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். பத்தொன்பது.

தான் உண்டாக்கிய கடைமேல் தனக்கு இருக்கும் விசுவாசத்தைப் பார்த்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போதும் டாக்டர் குனிந்து காதோரம் சொன்னதுதான் உச்சம்.

"ஐயாவுக்கு மட்டும் தனியா ஒரு பயிற்சி வெச்சுக்கலாம்."

முதலில் சிரித்தது முதலாளிதான். சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் ஆள் ஒருவன் அமைதிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தன் குழந்தைக்குக் குளிப்பாட்டிப் போடும் பவுடர் இதுதான் என்றான். டப்பா கைக்குக் கை மாறியது. மேனேஜருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை.

முதலாளி அண்ணாந்து சுவரைப் பார்த்தார். 'ஈரத்தோடு எடை போடாதே.' அவருடைய சொந்தக் கையெழுத்து.

"துணி விஷயத்துல தெரிஞ்ச நியாயம் மனுஷன் விஷயத்துல தெரியலையேடா எனக்கு" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பு இருக்கும் முழங்கை. எனக்கும் கண் கலங்கியது. நல்லவேளை, முள்ளைப் பிடித்திருக்கவில்லை.

டாக்டர் பயிற்சிக்காகச் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கக்கிவிட்டுக் கிளம்பினார். நாற்காலியைத் தூக்கும்போதுதான் பார்த்தோம், ஏதோ முடிவெட்டும் கடையிலிருந்து வந்த பழைய நாற்காலி அது. தலை சாய்க்கும் பலகையைக் கழற்றிய ஓட்டை அப்படியே இருந்தது. அடுத்த வாரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் துணி காய வைக்கும் இயந்திரத்தின் பின்பக்கக் குழாயைத் திறந்தார்கள். காற்றோடு இழுத்துக்கொண்டு போன தலையணை உறைகள் அத்தனையும் உள்ளே சுருண்டு கிடந்தன. அவற்றில் விசுவாசக் குறைவு எதுவும் தென்படவில்லை. என் மனைவிக்குக் கேட்ட லீவும் கிடைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் இஸ்திரிப் பையன் தலைக்கவசத்திலிருந்து அந்த எண்ணை அழிக்கவில்லை. எண்பத்தாறு என்றால் சும்மாவா, அண்ணே என்கிறான். அவனைப் போன்றவர்கள் இருக்கும்வரை நாற்காலிகள் வந்துகொண்டுதான் இருக்கும். கோட்டு மாறும், முள் மாறும், சில இடத்தில் முள்ளுக்குப் பதில் கணினித் திரை இருக்கும். நாளைக்கு உங்களையும் எவனாவது உட்கார வைத்து, புள்ளி வைத்து ஒரு எண் சொன்னால், தலையைக் குனிவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு ஈரத் துண்டை உட்கார வைத்துப் பாருங்கள்.